எட்டாம் கற்பனையும் எல்லைக்குறியும்

ஆராதனையிலே பத்துக் கற்பனைகளும் படிக்கப்படுங்கால், சபையார் ஒவ்வொரு கற்பனைக்கும் ஒவ்வொரு வகையாய்ச் செவி சாய்ப்பதை யாம் கண்டிருக்கின்றோம். ஓய்வுநாளைப் பற்றிய கற்பனை வரும்போது சிலர் முகம் சிறிது வாடும். பொய்ச்சாட்சியைப் பற்றியது வரும்போது பலர் தலை தாழும். களவை விலக்கும் எட்டாம் கற்பனை வந்தவுடனே சபை முழுதும் ஆறுதலாக மூச்சுவிடும். யாம் எவர் வீட்டுப் பூட்டையும் உடைத்திலேம். எவர் சட்டைப்பையிலும் கையிட்டிலேம். ஆதலின் இது சிறைச்சாலையில் இருப்பார்க்கு உரைத்த கற்பனை போலும் என்று எண்ணி, அடுத்ததற்குக் காத்திருப்போம். (லுத்தரன் சபையாரும் கத்தோலிக்கரும் இதனை ஏழாவதாக எண்ணுவர். எண் வேறாயினும் பொருள் ஒன்றே.) சிட்லபாக்கத்தில் வாழும் எம்மனோர்க்கு இவ்வாறுதல் தகுமா என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்தது.

கற்பனை ஒரு சொல்லளவினது. அதன் விரிவைப் பிற பிரமாணங்களிலே காணல் வேண்டும். உபாகமம் 19-ஆம் அதிகாரத்தில், அடைக்கலப் பட்டணங்களைப் பற்றிய விதிக்கும் சாட்சிகளைப் பற்றிய விதிக்கும் நடுவே, ஒரே வசனமாக ஒரு சிறு விதி நிற்கின்றது. முன்னோர் நாட்டிய எல்லைக்குறியை அயலான் நிலத்தினுள் தள்ளி வைத்தலாகாது என்பது அதன் கருத்து. அவசரமாகப் படிப்போர் அதனைத் தாண்டிச் சென்றுவிடுவர்.

அக்காலத்துப் பாலஸ்தீன நாட்டு வயல்கட்கு மதிலில்லை. ஒருவன் நிலம் முடிந்து மற்றொருவன் நிலம் தொடங்குமிடத்தை ஒரு கல்லோ, கற்குவியலோ காட்டி நிற்கும். அக்கல்லை இருளிலே ஒரு சாண் தள்ளி வைத்தால், விடியலில் அதனைக் கண்டறிவார் அரியர். அடுத்த உழவுக்கு மற்றொரு சாண். கதவு உடையவில்லை, கூக்குரல் எழவில்லை, இழந்தவன் தான் இழந்ததையே அறியான். ஆயினும் சில ஆண்டுகளில் ஒரு விதவையின் வயல் பாதியாய்க் குறைந்திருக்கும். இதனால் அன்றோ ஏபால் மலையிலே லேவியர் கூறி ஜனங்கள் ஆமென் சொல்லவேண்டிய பன்னிரண்டு சாபங்களுள் இக்குற்றமும் ஒன்றாக வைக்கப்பட்டது! அப்பன்னிரண்டையும் உற்று நோக்கின், அவை பெரும்பாலும் மறைவில் செய்யப்படுவன, நியாயாதிபதியின் கண்ணுக்கு எட்டாதன என்பது புலனாகும். குருடனை வழிதப்பச் செய்தலும், பிறனை ஒளிப்பிடத்தில் வெட்டுதலும் அவற்றுட் சேர்ந்தன. சட்டம் காணாத இடத்திலே மனச்சாட்சியை நிறுத்துவதற்கு அச்சாபங்கள் வேண்டியிருந்தன.

நீதிமொழிகளில் இவ்விதி இருமுறை வருகின்றது. அவற்றுள் ஒன்று திக்கற்ற பிள்ளைகளின் நிலங்களைப் பற்றியது. யோபு தன் காலத்துத் துன்மார்க்கரின் செயல்களைக் கூறுமிடத்து இதனை முதலில் வைத்தான். ஓசியா தீர்க்கதரிசியோ, யூதாவின் பிரபுக்களையே எல்லைக்கல்லைத் தள்ளுவோர்க்கு ஒப்பிட்டான். ஆகவே இது ஏழைக் குடியானவன் அயலானோடு இடும் வரப்புச் சண்டை மாத்திரமன்று. ஆள்வோர்க்கும் உரிய பாவமே.

பின்வந்த திருச்சபைப் பெரியோரும் இதனை மறந்தாரல்லர். மார்ட்டின் லுத்தர் 1529-ஆம் ஆண்டில் வெளியிட்ட பெரிய ஞானோபதேசத்தில், பூட்டுடைக்கும் சிறு கள்வரினும், நாற்காலியில் அமர்ந்தபடியே பிறர் பொருளைக் கவரும் கனவான்களையே மிகுதியாகக் கடிந்தார். வெஸ்ட்மின்ஸ்டரில் கூடிய வேத பண்டிதர்கள் 1647-இல் முடித்து, ஸ்காத்லாந்து திருச்சபை 1648-இல் ஏற்றுக்கொண்ட பெரிய வினாவிடை நூல் இன்னும் தெளிவாகப் பேசுகின்றது. எட்டாம் கற்பனையால் விலக்கப்பட்ட பாவங்கள் யாவை என்னும் வினாவிற்கு விடையாக அந்நூல் தரும் பட்டியலில், கொள்ளை, ஆட்களவு, கள்ளநிறை, லஞ்சம், வீண்வழக்கு, பண்டங்களைத் திரட்டி விலையேற்றுதல் முதலியவற்றோடு எல்லைக்குறி பெயர்த்தலும் உண்டு. அதனினும் வியப்புக்குரியது ஒன்றுண்டு. நிலங்களை அநியாயமாய் வளைத்து அடைத்தலும், குடிகளை வெளியேற்றி ஊர்களை வெறுமையாக்கலும் அடுத்தடுத்துக் கூறப்படுகின்றன. அக்காலத்து இங்கிலாந்தில் செல்வர் பொது மேய்ச்சல் நிலங்களை வேலியிட்டுத் தமதாக்கிக்கொண்டு, அவற்றை நம்பி வாழ்ந்த குடிகளைத் துரத்தினர். அதனைக் கண்ணாரக் கண்டோர் எழுதிய வரி அது. இவ்விரண்டையும் வாசகர் நினைவில் இருத்துவாராக. பின்னர் இவை நமக்கு வேண்டும்.

இனி நம் ஊருக்கு வருவோம். தாம்பரம் சானடோரியம், குரோம்பேட்டை என்னும் இருப்புப்பாதை நிலையங்கட்குக் கிழக்கே சிட்லபாக்கம் அமைந்துள்ளது. நெடுங்காலம் பேரூராட்சியாயிருந்து, 2021-ஆம் ஆண்டு நவம்பர் திங்களில் தாம்பரம் மாநகராட்சி தோன்றியபோது அதனுள் அடங்கிற்று. பாக்கம் என்பது நெய்தல் நிலத்து ஊருக்கு உரிய பெயரென்று நிகண்டு கற்றோர் கூறுவர். இவ்வூரில் அலைகடல் இல்லை; எனினும் சிட்லபாக்கம், செம்பாக்கம், இராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம், பெரும்பாக்கம் என்று எப்பக்கம் திரும்பினும் பாக்கமே. கடலில்லாக் குறையை ஏரிகள் நிறைத்தன போலும். செங்கற்பட்டுச் சீமையை ஏரி மாவட்டம் என்று வழங்குவது வெறும் புகழுரை அன்று.

ஏரி என்பது ஒரு பள்ளத்தில் நிற்கும் நீர் என்று நகரத்தில் பிறந்த மாணவர் பலர் கருதுகின்றனர். முன்னோர் அமைத்த ஏரிக்கு உறுப்புகள் உண்டு. மேட்டு நிலத்து மழைநீரைக் கொணர்வது வரத்துக் கால்வாய். அதனைத் தடுத்து நிறுத்துவது கரை. வயலுக்கு அளந்து விடுவது மதகு. நிறைந்த பின் மிகுதியை வெளியேற்றுவது கலங்கல். கலங்கலின் வழியே புறப்பட்ட நீர் வீணாய்ப் போவதன்று. அதுவே அடுத்த ஏரியின் வரத்து. சிட்லபாக்கத்து மிகுநீர் செம்பாக்கம் ஏரியை அடைந்து, பின்னும் ஏரி ஏரியாய் இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பிற் சேர்தல் இம்முறையினாலேதான். 2022-ஆம் ஆண்டில் அச்சதுப்பு ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலகப் பொதுமதிப்புடைய நீர்நிலையாக ஏற்கப்பட்டதனை நண்பர் அறிவர். ஆகவே ஏரியைப் பொறுத்தமட்டில் அயலான் என்பவன் அடுத்த வீட்டுக்காரன் மாத்திரம் அல்லன். கரைக்கு அப்பால், கலங்கலுக்குக் கீழே, நாம் ஒருபோதும் முகம் கண்டிராத ஒருவன் நம் அயலானாக இருக்கின்றான். எனக்குப் பிறன் யார் என்று நியாயசாஸ்திரி நம் ஆண்டவரைக் கேட்ட வினாவிற்கு, எரிகோ வழியிலே மாத்திரமன்றி, ஏரி வழியிலும் விடையுண்டு.

வயல்கள் மனைகளான பின்பு மதகுக்கு வேலையில்லாமற் போயிற்று. மதகுக்கு வேலையில்லை எனவே, ஏரியைக் காப்பதற்கும் ஆளில்லாமற் போயிற்று. குடிமராமத்து என்று ஊரார் கூடித் தூர்வாரிய வழக்கம், 1858-ஆம் ஆண்டிலே சட்டத்தாற் கட்டாயப்படுத்தவேண்டிய நிலைக்கு முன்னமே தளர்ந்திருந்தது. பயிரிடுவோர் அகன்றபின் அது அடியோடு நின்றது. வருவாய்த் துறைக் கணக்கில் ஏரியும் கால்வாயும் புறம்போக்கு எனப்படும். வரிவிதிப்பிற்குப் புறம்பாகப் போக்கி வைத்த நிலம் என்பது அச்சொல்லின் பொருள். அதாவது ஒருவர்க்கும் தனித்து உரித்தாகாமல் எல்லார்க்கும் உரித்தானது. இன்று தெருச்சண்டையில் இச்சொல் வசைமொழியாய் வழங்குவதைத் தமிழ் மாணவராகிய யாம் மிக வருத்தத்தோடு குறிக்கின்றோம். பொதுவுக்குரிய ஒன்றின் பெயரே இகழ்ச்சிக்கு ஆளாயின், அப்பொருளை எவன் மதிப்பான்?

பதிவேடுகளில் 86 ஏக்கருக்கு மேற்பட்டிருந்த சிட்லபாக்கம் ஏரி ஏறக்குறைய 47 ஏக்கராகச் சுருங்கிற்று என்று நாளிதழ்கள் எழுதின. ஒரே நாளில் ஓர் அரசன் படையோடு வந்து நாற்பது ஏக்கரைக் கைப்பற்றினானல்லன். ஓரிடத்தில் குப்பை கொட்டினர், குப்பை மேடாயிற்று, மேட்டில் கீற்றுக் கொட்டகை எழுந்தது, கொட்டகை கல் வீடாயிற்று, வீட்டிற்கு விளக்கும், வரி ரசீதும், பாதையும் வந்தன. சாண் சாணாய்க் கல் தள்ளப்பட்டதேயன்றி வேறில்லை. 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி அளிக்கப்படும் பி மெமோவும், 2007-ஆம் ஆண்டில் ஏரிகளைக் காப்பதற்கென்றே இயற்றிய சட்டமும் உண்டு. சட்டம் இல்லாமையால் நேர்ந்த குறை இது என்று சொல்ல ஒருவர்க்கும் வாயில்லை.

இதன் விளைவை ஒரு கணக்கால் விளக்குவோம். கணக்கு எமக்கு உவப்பான பாடமன்று, எனினும் பொறுத்தருள்க. ஐந்தடி ஆழம் நீர் நிற்கவேண்டிய இடத்தில் ஒருவர் ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி, மண்ணிட்டுத் தூர்ப்பாராயின், 12,000 கன அடி நீருக்கு அங்கே இடமில்லை. அது ஏறக்குறைய 3,40,000 லிட்டர். தெருவில் நாம் காணும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகளில் நிரப்பினால் இருபத்தெட்டு லாரி. அந்த நீர் மழைக்காலத்தில் எங்கே செல்லும்? வானத்திற்குத் திரும்பாது, வேறொருவர் வீட்டிற்குத்தான் செல்லும். கோடையிலோ அதே இருபத்தெட்டு லாரி நீர் நிலத்துள் இறங்காமையால், வேறொருவர் கிணறு வற்றும். ஆகக் கள்வன் ஒருவன் ஒரே கல்லால் ஓர் அயலானை மழையிலும் மற்றோர் அயலானைக் கோடையிலும் கொள்ளையிடுகின்றான்.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளன்று பெய்த மழையில், தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அப்போது சிறுவரும் சிறுமியருமாயிருந்த எம்போன்றோர்க்கு நினைவில் நிற்பது கட்டிலின்மேல் அடுக்கிய பாத்திரங்களும், படிக்கட்டில் ஏறிவந்த கறுத்த நீரும். நான்காண்டு கழிந்து, 2019-ஆம் ஆண்டுக் கோடையில், சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வெடித்துக் கிடந்தன. குடங்கள் தெருவில் வரிசை நின்றன. வெள்ளமும் வறட்சியும் ஒன்றற்கொன்று பகை என்று எண்ணியிருந்தோம். இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று பின்னரே அறிந்தோம். அக்கோடையில் சிட்லபாக்கம் ரைசிங் என்னும் பெயரால் கூடிய ஊரார் பலர் மண்வெட்டியும் கூடையும் ஏந்தித் தாமே ஏரியில் இறங்கிக் குப்பை அகற்றினர். அவ்வாண்டிலேயே அரசினரும் ஏரியைச் சீர்படுத்த 25 கோடி ரூபாய் அறிவித்தனர். இறங்கியவருள் எம்மதத்தார் எத்தனை பேர் என்று ஒருவரும் எண்ணினதில்லை, எண்ணாமையும் நன்றே.

இவ்விடத்தில் கிறிஸ்தவ வாசகர் ஒருவர், ஏரியை அடைத்தோர் பாவிகளே. யாம் அதைச் செய்யவில்லை. பணங்கொடுத்து, பத்திரம் பதிந்து, மனை வாங்கினோம். எம்மேல் என்ன குற்றம் என்பார். இக்கேள்விக்கு நாபோத்தின் சரித்திரத்தைவிட நல்ல விடை யாம் அறியோம். ஆகாப் ராஜாவின் அரமனையை அடுத்து நாபோத்திற்கு ஒரு திராட்சத்தோட்டம் இருந்தது. அரசன் அதனைக் கீரைத்தோட்டமாக்க விரும்பினான். வலிந்து பறித்தானா? இல்லை, அதனினும் நல்ல தோட்டம் தருவதாக, அன்றி விலை தருவதாக, மரியாதையாகவே கேட்டான். முன்னோர் சுதந்தரத்தைக் கொடேன் என்று நாபோத் மறுத்தான். அரசன் வீடு சென்று கட்டிலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தான், போஜனம் பண்ணவில்லை. அவ்வளவே அவன் செய்தது. கடிதங்களை எழுதினவள் யேசபேல். அவற்றில் இட்டது அரசனுடைய முத்திரை. பொய்ச்சாட்சி கூறினோர் இருவர். கல்லெறிந்தோர் ஊரார். எல்லாம் முடிந்தபின், தோட்டம் உனதாயிற்று என்றதும், ஆகாப் எழுந்து அதனைச் சுதந்தரித்துக்கொள்ளப் போனான்.

இதனைச் சிறிது நின்று ஆராய்க. ஆகாபிடத்தில் ஆவணங்கள் குறைவில்லை. முத்திரை உண்டு, சாட்சி உண்டு, ஊர் மூப்பர் கூடிய சபையின் தீர்ப்பு உண்டு. நம் காலத்து மொழியிற் சொன்னால், பத்திரம் சுத்தமாக இருந்தது. ஆயினும் எலியா தீர்க்கதரிசி தோட்டத்திலே அவனைச் சந்தித்து, கொலையும் கவர்ச்சியும் அவன்மேலேயே சுமத்தினான். எழுதினவள் வேறு, சாட்சி சொன்னவர் வேறு என்னும் வாதம் அங்கே எடுபடவில்லை. அரசன் கேளாதிருந்ததே அவன் குற்றம். தான் விரும்பிய நிலம் திடீரென்று கைக்கு வந்தபோது, எவ்வாறு வந்தது என்று ஒரு வார்த்தை கேட்டானில்லை. பிறன் வீட்டை இச்சித்தல், பொய்ச்சாட்சி, கொலை, களவு என நான்கு கற்பனைகள் ஒரு கீரைத்தோட்டத்திற்காக மீறப்பட்டன. முதலில் மீறப்பட்டது இச்சையைப் பற்றிய பத்தாவதே. திருவள்ளுவரும் கள்ளாமையைத் துறவறவியலில் வைத்துவிட்டு, பிறர் பொருளை விரும்பாமையாகிய வெஃகாமையை இல்லறவியலில் வைத்த முறையினை ஈண்டு நோக்குக. இல்லறத்தான் கையால் திருடுவதற்கு முன் மனத்தால் அளந்து பார்க்கின்றான் என்பதை அவர் அறிந்திருந்தனர் போலும்.

ஆகவே சிட்லபாக்கத்தில் மனை வாங்கும் கிறிஸ்தவன் விலையை மாத்திரம் விசாரித்தல் போதாது. விலை ஏன் இவ்வளவு குறைவு என்று விசாரித்தல் வேண்டும். வில்லங்கச் சான்று அடைமானத்தைக் காட்டும். நீர் எங்கே நின்றது என்பதனைக் காட்டாது. கிராமப் புலப்படத்தையும், அவ்விடத்து முதியோரையும், மழைக்காலத்தையும் கேட்டல் வேண்டும்.

இனி, மிகக் கடினமான பகுதிக்கு வருகின்றோம். இதனை எழுத யாம் முதலில் அஞ்சினோம். ஏரியினுள் வீடு கட்டினோர் எல்லாரும் ஆகாபுகளா? அல்லர். வாடகை கொடுக்க இயலாமல், இருக்க இடமில்லாமல், எவனோ ஒருவன் கற்களை நட்டுத் துண்டுபோட்டு விற்றதைத் தம் வாழ்நாட் சேமிப்பெல்லாம் கொடுத்து வாங்கிய ஏழைகள் அங்கே பலர். சென்னையின் ஆற்றோரங்களிலும் கால்வாயோரங்களிலும் இருந்து அப்புறப்படுத்தப்பட்டோர் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய அடுக்குக் குடியிருப்புகட்கு அனுப்பப்பட்டனர். தொழிலும் பள்ளியும் பழைய இடத்தில். வீடு மட்டும் தொலைவில். பெரும்பாக்கமோ பள்ளிக்கரணைச் சதுப்பை அடுத்தே இருக்கின்றது. நீர்வழியினின்று எடுத்த ஏழையை மற்றொரு நீர்வழியில் இருத்தினோம். வினாவிடை நூல் அடுத்தடுத்து வைத்த இரண்டு பாவங்களை இப்போது நினைவுகூர்க. நிலத்தை வளைத்தலும் எட்டாம் கற்பனைக்கு விரோதம். குடிகளைத் துரத்தி வெறுமையாக்கலும் அதே கற்பனைக்கு விரோதம். ஒன்றைத் திருத்துவதாகச் சொல்லி மற்றொன்றைச் செய்வோர் கற்பனையை ஒரு கையால் தூக்கி மறு கையால் உடைக்கின்றனர்.

ஏரி மீளவேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் எவர் முதலில் கொடுக்கவேண்டும் என்பதில் எமக்கு ஓர் எண்ணம் உண்டு. துண்டுபோட்டு விற்றவனே முதல்வன். தெரிந்திருந்தும் கையொப்பமிட்டவன் அடுத்தவன். இருக்க வேறு வீடுள்ளவன் மூன்றாமவன். வேறிடமில்லாத ஏழை கடைசி, அவனுக்கும் அருகிலே ஓர் இடம் தந்த பின்பு. இன்று நடக்கும் முறையோ பெரும்பாலும் இதற்குத் தலைகீழ்.

நம் முன்னோர் இவ்வரிசையை அறியாதவரல்லர். உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்தில், ஏறக்குறைய 919, 921-ஆம் ஆண்டுகளில், வெட்டப்பட்ட கல்வெட்டுகள் வாரியத் தேர்தல் விதிகளைக் கூறுகின்றன. குடவோலை முறையைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். அவ்விதிகளுள் இரண்டு நம் பொருளுக்கு நெருங்கியவை. வாரியத்திற்கு நிற்பவன் தன் சொந்த மனையிலே வீடு கட்டிக் குடியிருப்பவனாய் இருத்தல் வேண்டும். பிறர் பொருளைக் கவர்ந்தவனும், முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவனும் நிற்றல் ஆகாது. கணக்குக் காட்டாதவனுடைய உறவினர்க்கும் இடமில்லை. அவ்வாரியங்களுள் ஒன்று ஏரிவாரியம். பிறர் நிலத்தில் நிற்பவன் ஏரியைக் காக்கத் தகுதியற்றவன் என்று ஆயிரமாண்டுக்கு முன்பே கல்லில் எழுதி வைத்துள்ளனர். அவ்விதியில் சொத்தும் வேதப்பயிற்சியும் உடையார்க்கே இடமிருந்தது என்பதையும் மறைத்தலாகாது. அச்சபை எல்லார்க்கும் உரியதாயிருக்கவில்லை. எனினும் இவ்வொரு பகுதியை இன்றைய தேர்தலுக்கு எடுத்துக்கொண்டால் எத்தனை வேட்பாளர் மிஞ்சுவர் என்று எண்ணிச் சிரித்துக்கொண்டோம்.

ஏரியோடு நில்லாமல் மாணவர் வாழ்க்கையையும் சிறிது தொடுவோம். நீண்ட பிரசங்கம் வேண்டா. பரீட்சைக்கு முந்திய வாரத்தில், நூலகத்தில் ஒரே படியாயுள்ள நூலை எடுத்துப் பிறர் காணாதபடி வேறு துறை அடுக்கிலே செருகி வைக்கும் வழக்கம் எம் நண்பரிடையே உண்டு; யாமும் ஒருமுறை ஓர் இலக்கண உரையைத் தாவர நூல் அடுக்கில் மறைத்துள்ளோம். நூலைத் திருடவில்லை, நூலகத்தை விட்டு அது வெளியேறவுமில்லை. கல் மாத்திரம் ஒரு சாண் நகர்ந்தது. விடுதியில் நீர் குறைந்த காலத்தில் விடியற்காலை எழுந்து மூன்று வாளி நிரப்பி வைப்பவனும், மின்சார ரயிலில் தாம்பரத்திலேயே ஏறிக் கைக்குட்டையால் நால்வர்க்கு இடம் பிடிப்பவனும் இக்கூட்டத்தாரே. ஆழ்துளைக் கிணற்றைப் பற்றி ஒன்று சொல்லல் வேண்டும். நிலத்தின்மேல் எல்லைக்கல் உண்டு. நிலத்தின் கீழே இல்லை. அயலான் நூறடியில் நீர் எடுக்க, நாம் முந்நூறடிக்கு இறக்கி அவன் கிணற்றையும் சேர்த்து உறிஞ்சினால், எந்த அளவைக்காரர் வந்து கல் நாட்டுவார்? நள்ளிரவில் மழைநீர்க் கால்வாயில் கழிவுநீரைத் திறந்து விடுவோரும் ஏபால் மலையின் ஆமெனுக்குத் தப்பார்.

மனந்திரும்புதல் எப்படி இருக்கும் என்பதற்குச் சகேயு சாட்சி. தான் எவனிடத்தில் அநியாயமாய் வாங்கினானோ அவனுக்கு நாலத்தனையாய்த் திரும்பக் கொடுப்பேன் என்று எண்ணைச் சொல்லி நின்றான். லேவியராகமமோ முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்லும். இரண்டிலும் துக்கப்படுவது முதலில் இல்லை. அளப்பது முதலில் இருக்கின்றது. எவ்வளவு எடுத்தோம் என்று அளவாதவன் எவ்வளவு கொடுப்பான்?

எனவே இக்கட்டுரையை எழுதத் தொடங்கிய வாரத்தில் யாமும் அளந்தோம். எம் வீடு ஏரியினுள் இல்லை, பட்டா நிலமே. ஆனால் வாசலில், மோட்டார்சைக்கிள் ஏறுவதற்கென்று கட்டிய சிமெண்டுச் சாய்தளம் எம் மதிலுக்கு வெளியே மூன்றடி நான்கு அங்குலம் நீண்டு, தெருவோர மழைநீர்க் கால்வாயை முழுதும் மூடியிருக்கின்றது. அடியிலே ஒரு சிறு குழாய் வைத்துள்ளனர். அதுவும் மண்ணால் அடைபட்டது. தெரு சரிந்து செல்லும் திசையில் எமக்கு அடுத்த வீடு உயரமானது. எமக்கு முந்திய வீடு பள்ளமானது. ஒவ்வொரு ஐப்பசியிலும் அவ்வீட்டு அம்மாள் வாசலில் நீரை முறத்தால் இறைப்பதை யாம் மாடியிலிருந்து கண்டதுண்டு. அந்நீர் எதனால் அங்கே நிற்கின்றது என்று ஒருநாளும் கேட்டிலேம்.

அன்றிரவு எம் தந்தையாரிடம் சொன்னோம். "தெருவில் எல்லாரும் அப்படித்தானே கட்டியிருக்கிறார்கள்?" என்றார். திரளான பேரைப் பின்பற்றித் தீமை செய்தலாகாது என்னும் யாத்திராகமத்து விதி எம் நாவின் நுனி வரை வந்தது. தந்தையார்க்கு மகன் வேதம் போதித்தல் ஐந்தாம் கற்பனைக்கு எவ்வாறு பொருந்தும் என்று ஐயுற்று அதனை விழுங்கினோம். அளவைக் காட்டும் தாளை மாத்திரம் மேசைமேல் வைத்தோம். தாயார் அதை எடுத்துப் படித்து, ஒன்றும் சொல்லாமல் அடுத்த வீட்டுப் பக்கம் நோக்கினார்.

சனிக்கிழமை கொத்தனார் வந்து பார்த்தார். சாய்தளத்தை உடைத்து, மதிலுக்கு உட்புறமாகச் சரிவு அமைத்தால் வாசல் முற்றத்தில் நான்கடி குறையும். துளசியும் மல்லிகையும் நட்டிருக்கும் மண்மேடை போய்விடும். கால்வாயின்மேல் எடுத்துப் போடத்தக்க இரும்புக் கிராதி வைக்கவேண்டும் என்று கூறி, ஒரு தொகையும் சொன்னார். தொகை சிறிதன்று. தந்தையார் மறுமொழி ஒன்றும் கூறவில்லை. கொத்தனார் சென்றபின், அளவுநாடாவை எடுத்துக்கொண்டு தாமே வாசலுக்குப் போனார். யாம் அளந்ததில் இரண்டங்குலம் பிழை. கால்வாயின்மேல் நிற்பது மூன்றடி ஆறு அங்குலம் என்று வந்து சொன்னார்.